பத்திரக்காரரின் வெள்ளி நாணயம்

செய்தி வந்தபோது காலை பத்து நாற்பது. பத்திரக்காரர் தன் மூக்குக்கண்ணாடிக் கடையில், யாரோ விரல்ரேகையாலேயே மூடிக் கொண்டுவந்த ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பத்திரக்காரர் என்றதும் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு இனம். இது, எந்தப் பொருளைப் பார்த்தாலும் ‘பத்திரம், பத்திரம்’ என்று பதறி, அதை உலகத்தின் கண்ணிலிருந்தே எடுத்து ஒளித்துவிடும் இனம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். புது நாற்காலியின் பாலித்தீன் உறையைப் பிரிக்க மனம் வராமல் மூன்று வருடமாக அதன்மேல் வழுக்கி வழுக்கி உட்காருவார். டி.வி. ரிமோட்டுக்கு ஓர் உறை, உறைக்கு ஒரு ரப்பர் பேண்ட், அந்த ரப்பர் பேண்ட் அறுந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு ரப்பர் பேண்ட். இவர்கள் எல்லாம் சாதாரணப் பத்திரக்காரர்கள். உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருப்பவர் பழைய நாணயம் சேர்ப்பவர். நம்மவர் அந்தக் கொம்பு.

கடையில் நாள் முழுக்கத் துடைப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. வீட்டில் துடைப்பது மகாபாவம். துடைத்தால் நாணயத்தில் கீறல் விழும். விரல் பட்டால் வியர்வை ஏறிக் கறுக்கும். ஈரம் ஆகாது. வெளிச்சமும் ஆகாது என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. ஆவி ஆகவே ஆகாது. ஆகையால் அந்த வீட்டில் அலமாரியிலிருந்து மூன்று கதவு தள்ளித்தான் எதுவும் கொதிக்கலாம். புதுச் செருப்பு வாங்கினால் செருப்பை வாசலில் நிறுத்திவிட்டு, பெட்டிக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை மட்டும் உள்ளே அழைத்துப்போவார். விருந்தாளி யாராவது ‘காட்டுங்களேன்’ என்று வாய்தவறிக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. கையைக் கழுவ வேண்டும், ஈரம் போகத் துடைக்க வேண்டும், பருத்திக் கையுறை மாட்ட வேண்டும், மேசைமேல் மெத்தென்று துணி விரிக்க வேண்டும், மூச்சைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ள வேண்டும். இத்தனையும் ஆனபின் ஆல்பம் இரண்டடி தள்ளி, மங்கிய விளக்கில், ஒருமுறை திறந்து மூடப்படும். “ஓரத்தைப் பிடிங்க, ஓரத்தைப் பிடிங்க” என்று கத்துவார். எதன் ஓரத்தை? அவர்தான் எதையும் கையில் கொடுக்கவே இல்லையே.

முதல் பக்கம், முதல் கவர், அப்பாவின் வெள்ளி நாணயம். மற்ற இருநூற்றுப் பதினொன்றும் போனால் அவர் ஒரு வாரம் சாப்பிட மாட்டார். அது ஒன்று போனால் அவரே போய்விடுவார். அப்பா இறந்த வாரத்தில், அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருக்கும் தங்கை, அதைத் தனக்குத் தரும்படி கேட்டாள். கொடுப்பாரா? வெறுங்கை படுவதால் வெள்ளிக்கு நேரும் கேடுகளைப் பற்றி முக்கால் மணி நேரம் விளக்கினார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போனாள். ஒரு மாதம் பேச்சில்லை. அப்புறம் தானாகவே சிரித்துக்கொண்டு வந்து நின்றாள். தங்கைக்கு விஞ்ஞானம் புரிந்துவிட்டது என்று ஒன்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தார் பத்திரக்காரர்.

செய்திக்கு வருவோம். போனில் அழைத்தவர் ஒரு பல் டாக்டர். அவரும் நாணயம் சேர்ப்பவர். அதாவது, வைத்தியர் என்றாலும் இதே வியாதிக்காரர்.

“சார், நாம போட்டு வெச்சிருக்கோமே, வழவழன்னு மடங்குற கவர், அதுதான் விஷமாம். பிளாஸ்டிக்கை மெத்துன்னு ஆக்கச் சேர்க்கிறது வருஷக்கணக்குல கசிஞ்சு நாணயத்தைப் பச்சையாக்கிடுதாம். என்னோடது பூரா பிசுபிசுங்குது சார்.”

பத்திரக்காரர் எழுந்து ஓடினார். கையில் வாடிக்கையாளரின் கண்ணாடியோடு ஓடினார். கண்ணாடி இல்லாமல் எதிரே என்ன நடக்கிறது என்று தெரியாத அந்த மனிதர், எப்போது கிடைக்கும் என்று சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையிடம் மரியாதையாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் கை கழுவவில்லை, துணி விரிக்கவில்லை, மூச்சு மட்டும் தானாகவே நின்றிருந்தது. ஆல்பத்தைத் திறந்தார். முதல் கவரே பனி படிந்த ஜன்னல் மாதிரி இருந்தது. உள்ளே அப்பாவின் நாணயம் பாசிக் குளமாகப் பச்சை பிடித்துக் கிடந்தது. பத்திரக்காரர் தரையில் உட்கார்ந்து, வெட்கமே இல்லாமல், வாய்விட்டு அழுதார். ஊரார் கையிலிருந்தெல்லாம் காப்பாற்றி, கடைசியில் தானே கொன்றுவிட்டோமே.

பக்கத்து அறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவி சிவப்புப் பேனாவோடு வந்து நின்றாள். ஆசிரியை, பிழையைக் கண்டால் திருத்தாமல் இருக்க முடியாதவள்.

“அழாதீங்க. அது பட்டன்.”

“எது?”

“கோட்டுப் பட்டன். உங்க தங்கச்சி கொடுத்தா. பின்னாடி இருந்த வளையத்தை நான்தான் அரத்தால தேய்ச்சு எடுத்தேன். மாமாவோட நாணயம் அந்த மாசமே அவ கைக்குப் போயிடுச்சு.”

பத்திரக்காரர் லென்ஸை எடுத்துப் பார்த்தார். ‘இந்தக் கிரீடத்தின் வேலைப்பாட்டைக் கவனிங்க’ என்று ஒன்பது வருடமாக விருந்தாளிகளுக்கு அவர் காட்டிவந்தது ஒரு நங்கூரம். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து கொடுக்கும் மனிதர்!

அப்பாடா, நாணயம் பச்சையாகவில்லை. ஐயையோ, ஒன்பது வருடம் வெறுங்கை! சிரிப்பதா, சண்டை போடுவதா என்று தீர்மானிப்பதற்குள் கால்கள் தங்கை கடைக்குப் போய்விட்டன. கையுறையை வழியிலேயே மாட்டிக்கொண்டார்.

நாணயம் தையல் மெஷின்மேல் சாக்கட்டிக்கும் நூல்கண்டுக்கும் நடுவில் கிடந்தது. தேய்ந்த சோப்பைப்போல முகமே இல்லை. ஆனால் என்ன பளபளப்பு! தங்கை நிமிர்ந்து பார்க்கவில்லை. “வா அண்ணா. அண்ணி போன் பண்ணினாங்க. திட்டுறதுன்னா அப்புறம் திட்டு. தட்டுக்கு அடியில நூல் சிக்கிக்கிச்சு, கழட்டிக் கொடு.”

நாணயத்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அப்பா தையல் மெஷின் பழுதுபார்ப்பவர். போன வீட்டிலெல்லாம் ஊசி இறங்கும் தட்டின் திருகை இந்த நாணயத்தால்தான் கழற்றுவார். திருப்புளி தொலைந்த நாளில் தொடங்கிய பழக்கம். பத்திரக்காரருக்கு இது தெரியாதா? தெரியும். ஓரம் அப்படித் தேய்ந்தது ஒரு குறை என்று எண்ணி, யாரிடமும் சொல்லாமல் மறைத்துவந்தார்.

கையுறை வழுக்கியது. இன்னொரு முறை வழுக்கியது. கழற்றி மடியில் வைத்தார். வெறும் விரலால் ஓரத்தைப் பிடித்தார். நாணயம் திருகின் பிளவில், அதற்கென்றே செய்ததுபோல, போய் உட்கார்ந்தது.

“அப்படித்தான். அப்பா மாதிரியே நாக்கைக் கடிச்சுக்கிறே” என்றாள் தங்கை.

நீங்கள் சிரித்தது போதும். எழுந்துபோய் உங்கள் அலமாரியின் மேல்தட்டைப் பாருங்கள். நல்ல நாளுக்கென்று வைத்த தட்டுகள், பிரிக்காத சட்டை, மை ஊற்றாத பேனா. வெளிச்சத்தில் வைத்து, நன்றாகவே பாருங்கள். வீட்டில் யாராவது வாய்க்குள்ளேயே சிரித்தால் இன்னும் ஒருமுறை பாருங்கள்.

பத்திரக்காரர் இன்னும் தங்கை கடையில்தான் இருக்கிறார். தட்டுக்கு இரண்டு திருகு. கழற்றி முடித்தால் நாணயத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே, இரண்டாவதை அவர் இன்னும் கழற்றவில்லை.