ஒரு நிமிஷம் சாரும் ஆறிப்போன சாம்பாரும்

உலகத்திலேயே நீளமான ஒரு நிமிஷம் திண்டிவனத்தில்தான் இருந்தது. நான் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அளந்து பார்த்தவன். சாதாரண நாட்களில் பதினோரு நிமிடம். அந்த நிமிஷத்தின் சொந்தக்காரர் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் பதினான்கு. அவர் மகன் இன்டர்வியூவுக்குப் போன அன்று இருபத்திரண்டு நிமிடம் ஓடி, என் தயிர்சாதம் கண்ணெதிரே புளித்தது.

எங்கள் அலுவலகத்தில் ரிக்கார்டு கிளார்க்காக இருந்த அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருக்கவில்லை. மதியம் ஒன்றேகாலுக்கு நாங்கள் டிபன் பாக்ஸைத் திறந்ததும், "ஒரு நிமிஷம் சார், ஜெபம் பண்ணிட்டு சாப்டலாம்" என்பார். அதனால் அவர் ஒரு நிமிஷம் சார். எந்த அலுவலகம் என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் மனு எழுதிக்கொண்டு வந்துவிடுவீர்கள்.

சாப்பாட்டு மேஜையில் நான்கு பேர். நான், செஞ்சிப் பக்கத்து ஜைனரான ஸ்ரீபால், சர்க்கரை நோயோடு மல்லுக்கட்டும் டைப்பிஸ்ட் தமிழ்ச்செல்வி மேடம், பிறகு அவர். கிறிஸ்தவர் அவர் ஒருவர்தான். ஆனாலும் அவர் கண்ணை மூடிவிட்டால் மற்ற மூன்று பேருக்கும் கை சோற்றில் இறங்காது. ஒரு மனிதர் கடவுளோடு பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அப்பளம் கடிக்க முடியுமா, சொல்லுங்கள்.

ஜெபம் பைபிள் தமிழில் கம்பீரமாகத் தொடங்கும். போகப் போக விழுப்புரத்தில் வந்து இறங்கிவிடும்.

"பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். கிரேஸுக்காக ஸ்தோத்திரம். இடுப்பு வலின்னு சொல்லிக்கினே தண்ணிக் குடம் தூக்குறா. நான் சொன்னா கேக்க மாட்டா, நீர் சொல்லும். ரூத்துக்காக. மயிலத்துல மாமியாரோட பேசாம இருக்குறா ஆண்டவரே. யார் மேல தப்புன்னு எனக்கு வாணாம், யாரையாவது ஒருத்தரை மொதல்ல பேச வையும். டேனியலுக்காக. அவன் வண்டியில பின் பிரேக் இல்ல. கேட்டா நாளைக்குன்றான். அந்த நாளைக்கு வர்ற வரைக்கும் நீரே பிரேக்கா இரும். கடைக்குட்டி எஸ்தருக்காக..."

எஸ்தர் வந்துவிட்டால் பாதி தூரம் தாண்டியாயிற்று என்று அர்த்தம். அவள் விழுப்புரத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வானூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்வரும் டீச்சர். அவளுக்குப் பிறகு மாமியாரின் முழங்கால், போர்வெல் மோட்டார், கடைசியாக "ஸ்ரீபால் சார் பக்கம் கருவாட்டு வாசனை போகாம காத்தருளும்" என்று ஒரு வேண்டுதல், ஆமென்.

இவ்வளவு நேரமும் மேஜைக்கடியில் அவருடைய வலது கால் தையல் மிஷின் மிதிப்பதுபோல ஆடிக்கொண்டே இருக்கும். மேஜை ஆடும், சாம்பார் தளும்பும். "கால ஆட்டாதீங்க சார், வூட்டுக்கு ஆகாது" என்று தமிழ்ச்செல்வி மேடம் பல்லைக் கடிப்பார். அரை நொடி நிற்கும், மறுபடி ஆடும்.

ரயிலிலும் அதே கதைதான். நானும் அவரும் விழுப்புரத்திலிருந்து ஒரே வண்டியில் போவோம். பெட்டி காலியாகக் கிடந்தாலும் உட்கார மாட்டார். வாசலுக்கும் வாசலுக்கும் நடப்பார். முண்டியம்பாக்கத்தில் ஒரு போன், விக்கிரவாண்டியில் ஒரு போன். "போய்ச் சேந்துட்டியா? ஜல்தி சொல்லு, டவர் போவுது."

"கொஞ்சம் உக்காருங்களேன் சார்" என்றேன் ஒருநாள்.

"வூட்டு ஆளுங்க எல்லாம் ரோட்ல போய்க்கினு இருக்கறப்ப நான் எப்படி சார் உக்கார்றது?" என்றவர், "ஆமா, நீங்க ஏன் சார் நின்னுக்கினே வர்றீங்க?" என்று திருப்பிக் கேட்டார். என் காரணம் வேறு. பேரணி ஸ்டேஷனுக்கும் மயிலத்துக்கும் நடுவில் அதை அவர் காதில் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். வாரப் பத்திரிகையில் எழுதுகிற விஷயமல்ல அது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில் மண்ணை அள்ளிப் போட்டவன் நான்தான். ஒரு கிறிஸ்துமஸுக்கு எங்கள் மூவரையும் வீட்டுக்கு அழைத்திருந்தார். ஸ்ரீபாலுக்காக, சாரின் மனைவி கிரேஸ் அம்மா தனி அடுப்பில், புதுப் பாத்திரத்தில் சமைத்திருந்தார். எஸ்தரின் பள்ளிக்கூடத்திலிருந்தும் நான்கு டீச்சர்கள் வந்திருந்தார்கள். எஸ்தர் எனக்கு அச்சுமுறுக்கு கொண்டுவந்து வைத்தாள். முறுக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஏம்மா எஸ்தர், மரக்காணத்து வரனை வாணாம்னுட்டியாமே? சொட்டைன்னா இன்னாம்மா? முடி இன்னிக்கு இருக்கும், நாளைக்குப் போவும்."

நான்கு டீச்சர்களும் ஒரே நேரத்தில் தட்டைக் குனிந்து பார்த்தார்கள்.

"ஒங்களுக்கு யாரு அங்கிள் சொன்னது?"

"அப்பாதாம்மா. தெனம் ஜெபத்துல சொல்றாரே."

"இன்னும் இன்னா சொல்றாரு?"

கேட்ட கேள்விக்கு முழு விவரத்தோடு பதில் தருவது குமாஸ்தா புத்தி. டெட் என்கிற டீச்சர் தகுதிப் பரீட்சையில் அவள் இரண்டு முறை தவறியதைச் சொன்னேன். அவளுடைய ஹெட்மிஸ்ட்ரஸ் சிடுமூஞ்சி என்பதையும் சொன்னேன். வந்திருந்த நான்கு பேரில் ஒருவர் அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் என்று யாரும் எனக்குச் சொல்லி வைக்கவில்லை.

மறுநாள் ரயிலில் அவர் வாசல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"‘இனிமே ஒங்க ஜெபத்துல எம்பேரே வரக்கூடாதுப்பா’ன்னுட்டா சார். நானும் சரின்னுட்டேன்."

அவர் சத்தியம் செய்கிற ஆளில்லை. சரி என்று சொன்னால் சரிதான், அதற்கு மேல் பேச்சில்லை. "மனசுக்குள்ள சொல்லிக்குங்க சார்" என்றேன்.

"மனசுக்குள்ள சொன்னாலும் சொன்னதுதானே சார். அவருக்குக் கேக்காதா?"

அன்று மதியம் ஜெபம் தொடங்கியது. கிரேஸ் வந்தார், ரூத் வந்தாள், டேனியலின் பிரேக் வந்தது. அங்கே நின்றது. மேஜைக்கடியில் காலும் நின்றுவிட்டது. அந்தக் கால் எப்போது நிற்கும் என்று எத்தனையோ வருடம் ஏங்கியவர்கள் நாங்கள். நின்றபோது மூன்று பேருக்கும் பயமாக இருந்தது. சாம்பார் குளத்துத் தண்ணீர்போல அசையாமல் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து மாமியாரின் முழங்காலுக்குத் தாவினார். எட்டே நிமிடத்தில் ஆமென். சோறு சூடாகத்தான் இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

"நாலு பேரை ஆண்டவர் கையில ஒப்படைச்சுட்டு, ஒருத்தியை மட்டும் லாரி போற ரோட்ல வுட்டுட்டு வந்த மாதிரி இருக்குது சார். பேஜாரா இருக்குது" என்றார், பாக்ஸை மூடிக்கொண்டே.

அதன் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எஸ்தருக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஆறு போன். அவள் எடுக்கவில்லை என்றால் ரிக்கார்டு ரூமில் எழுந்து நடப்பார். ஒரு வாரம் இப்படி ஓடிய பிறகு மூன்று நாள் தொடர்ந்து தாமதமாக வந்தார். விசாரித்தால், காலையில் மகளின் ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே பஸ்ஸில் வானூர் வரைக்கும் போய், அவள் பள்ளிக்கூட கேட்டுக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து வேறு பஸ் பிடித்துத் திண்டிவனம் வந்திருக்கிறார். "பேரைத்தான் சொல்லக்கூடாது. ஆளைப் பாக்கலாமில்ல சார்?" மூன்றாம் நாள் இளநீர்க் குவியலுக்குப் பின்னால் அவர் ஒளிந்து நின்றதை அவள் பார்த்துவிட்டாள். ஸ்கூட்டரை உள்ளே ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். அவருடைய சர்வீஸிலேயே முதல் மெமோ அன்றுதான் வந்தது.

"எல்லாம் ஒங்க வாயாலதான் சார்" என்று தமிழ்ச்செல்வி மேடம் தினம் ஒருமுறை என்னைக் குத்திக் காட்டினார். மன்னிப்புக் கேட்கலாம் என்று எஸ்தருக்கு நானே போன் செய்தேன். "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது அங்கிள். தேங்க்ஸ்" என்று சொல்லி வைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஸ்ரீபால் வருடத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிறவர். பொங்கல் முடிந்து வந்த முதல் நாள், ஜெபம் டேனியலைத் தாண்டி அந்த இடத்தில் நின்றது. கால் நின்றது. அப்போது மேஜையின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல்.

"எஸ்தருக்காக."

ஒரு நிமிஷம் சார் கண்ணைத் திறந்தார். "வாணாம் சார். நான் சரின்னு சொல்லியிருக்கேன்."

"நீங்கதான் சொல்லியிருக்கீங்க. நான் சொல்லலையே" என்றார் ஸ்ரீபால்.

அவர் ஸ்ரீபாலையே பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மேஜைக்கடியில் கால் மெதுவாக ஆடத் தொடங்கி வேகம் பிடித்தது. "ஆட்டுங்க சார், நல்லா ஆட்டுங்க" என்று தமிழ்ச்செல்வி மேடம் மூக்கை உறிஞ்சினார்.

மறுநாளிலிருந்து நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தே சொன்னோம். டேனியலின் பிரேக் முடிந்ததும் அவர் வாயை இறுக்க மூடிக்கொள்வார். நாங்கள் கோரஸாக "எஸ்தருக்காக" என்போம். முருகனைக் கும்பிடுகிற நான், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற தமிழ்ச்செல்வி மேடம், தீர்த்தங்கரரை வணங்குகிற ஸ்ரீபால். கேட்கிறவருக்குக் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

ஒருநாள் ரயிலைப் பிடிக்கிற ஓட்டத்தில் அவர் டிபன் பாக்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். சாப்பாடு இல்லையே என்று ஜெபத்தைக் குறைக்கிற ஆளா அவர்? எங்கள் பாக்ஸுகளுக்காகத் தொடங்கினார். அவருடைய இடைவெளி வந்தது. நாங்கள் மூவரும் "எஸ்தருக்காக" என்றோம்.

வாசலில் ஏதோ தட்டுப்பட்டது. எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள், கையில் அப்பாவின் பாக்ஸோடு. பள்ளிக்கூடம் லீவு போல.

"எத்தினி நாளா நடக்குது இது?"

"பொங்கல்லேந்தும்மா" என்றேன்.

"ஒங்கப்பா ஒரு தபா கூட சொல்லலம்மா" என்றார் ஸ்ரீபால். "நாங்கதான்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். கண்ணைத் திறந்தால் வாக்கு மீறிவிடுமோ என்பதுபோல அவர் இன்னும் இறுக்க மூடியிருந்தார். பாக்ஸை அவர் முன்னால் வைத்தாள். அவள் குரல் கரகரத்தது.

"நீங்களே சொல்லுங்கப்பா. பேரு மட்டும். வரன், பரீட்சை, ஸ்கூலு ஒண்ணும் கூடாது."

"சரிம்மா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். "ஒரு நிமிஷம் சார்."

சொல்லிவிட்டு ஜெபத்தை ஆகாரத்திலிருந்து மறுபடி தொடங்கினார். அன்று முப்பத்தொரு நிமிடம். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை.

பிறகு எஸ்தருக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு அப்போது முடி அடர்த்தியாகத்தான் இருந்தது. இப்போது பார்த்தால் மரக்காணத்துக்காரரே தேவலை. ஒரு நிமிஷம் சார் ரிடையர் ஆனார். போன மழைக்காலத்தில் இறந்துபோனார். அன்று ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். "ஒருத்தரும் ரோட்ல இல்ல. அதான் உக்காந்தாரு" என்று கிரேஸ் அம்மா எங்களிடம் சொல்லிச் சொல்லி அழுதார். நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது எஸ்தர் என் பக்கத்தில் வந்தாள். சுற்றிலும் கூட்டம். முகம் வீங்கியிருந்தது.

"அங்கிள், மூலம் இப்ப எப்படி இருக்குது?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். முன்னால் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பேரணிக்கும் மயிலத்துக்கும் நடுவில் ஒரே ஒரு காதில் சொன்ன ரகசியம் அது.

"யாரும்மா சொன்னது?"

"அப்பாதான். வூட்டு ஜெபத்துல தெனம் நீங்க மூணு பேரும் வருவீங்க. தமிழ்ச்செல்வி ஆன்ட்டி சுகரு, ஸ்ரீபால் அங்கிள் பையன் வேலை, ஒங்க மூலம். ரிடையர் ஆன பொறவும் வுடல."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விழுப்புரத்தில் ஒரு வீட்டில், கண்ணை மூடிய அத்தனை பேர் நடுவில், எனக்கே தெரியாமல் இத்தனை வருடம் தினமும் என் பேர் சொல்லப்பட்டிருக்கிறது. என்னைப் பெற்றவர்கள்கூட எனக்காக அவ்வளவு வேண்டிக்கொண்டிருப்பார்களா என்று தெரியவில்லை.

"இப்ப அப்பா வுட்ட எடத்துலேந்து நான் சொல்லிக்கினு வர்றேன்" என்றாள். "ஒங்களுக்கு ஒரு மாதிரியா இருந்தா நிறுத்திடட்டுமா அங்கிள்?"

"நிறுத்தாதம்மா" என்றேன் அவசரமாக. "பேரு மட்டும் சொல்லு. வியாதி வாணாம்."

அழுகைக்கு நடுவில் சிரித்தாள். "சரி அங்கிள்" என்றாள். அப்பா சொல்வாரே, அதே சரி. அதை நம்பித்தான் நான் இப்போது தினமும் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறேன்.