எடை போதாத டிராக்டர்

மூன்றாவது முறையும் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. வாத்தியாரின் குட்டி டிராக்டர் மேட்டில் ஒரு முழம்கூட ஏறவில்லை. பின்னால் தார்ப்பாய் மூடிய டிரெய்லரில், மேட்டு வீட்டுச் சுவர்ப் பூச்சுக்கான மணல்.

உச்சியிலிருந்து கொத்தனார் குரல் கொடுத்தார்.

"சார், பத்து மணிக்குள்ள மணல் வரலைன்னா நான் வேற வேலைக்குக் கிளம்பிடுவேன். அப்புறம் ரெண்டு மாசம் கழிச்சுத்தான் இந்தப் பக்கம்."

அவர் பக்கத்தில் நின்ற வாத்தியாரின் மனைவி, "பெரிய டிராக்டருக்குச் சொல்லிடட்டுமா?" என்றாள்.

"வேண்டாம். இதுலயே ஏத்திக் காட்டறேன்."

யார் பேச்சையும் கேட்காமல் வாங்கிய டிராக்டர். அதுவும் அறிவியல் வாத்தியார் வாங்கியது. இன்று தோற்றால் ஆயுசுக்கும் வீட்டில் வாய் திறக்க முடியாது.

"இதுக்கு எடை போதலை, அவ்வளவுதான். டயர் மண்ணைப் பிடிக்கணும். சாக்குல மணல் கட்டிக் கொண்டாடா" என்று மச்சினனை ஏவினார்.

மச்சினனுக்குத் தையல்கடை. ஒவ்வொரு சாக்கின் வாயையும் கோணி ஊசியால் நெருக்கித் தைத்துத்தான் தூக்கி வந்தான்.

"சட்டையாடா தைக்கிறே?"

"அவிழ்ந்து கொட்டினா என்னைத்தானே திட்டுவீங்க, அத்தான்."

பின்பக்கம் நான்கு மூட்டைகள் ஏறின. இப்போது சக்கரம் பிடித்தது. ஆனால் மூக்கு அந்தரத்தில் தூக்கிக்கொண்டது.

"என்னங்க, ஆகாசத்துக்கா போறீங்க?"

வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் நான்கு மூட்டைகளைக் கட்டினார். மூக்கு இறங்கியது. ஸ்டியரிங் திரும்ப மறுத்தது. வண்டி கோணலாகப் போய் வேலியை முட்டியது. பின்னால் எடுத்தார், சக்கரம் மறுபடி வழுக்கியது.

"இன்னும் மூட்டை இருக்கா?"

"கடைசி நாலு, அத்தான்."

"எல்லாத்தையும் கொண்டா. விடறதா இல்லை."

மட்கார்டில் இரண்டு, காலடியில் இரண்டு. வாத்தியார் உட்காரத்தான் இடமில்லை. மூட்டைகளுக்கு நடுவே மூச்சைப் பிடித்துச் செருகிக்கொண்டு கியரைப் போட்டார்.

டிராக்டர் சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளையாக மேடேறியது. வேகம் குறையவில்லை, மூக்கு தூக்கவில்லை. மணி பத்தாக ஐந்து நிமிடம்.

"பாத்தியா? எல்லாம் எடை செய்யற வேலை" என்றார் மனைவியிடம்.

கொத்தனார் தட்டுக்கூடையோடு போய்த் தார்ப்பாயைத் தூக்கினார்.

"சார், உள்ளே ஒரு பிடி மணல்கூட இல்லையே?"

வாத்தியார் திரும்பி மச்சினனைப் பார்த்தார்.

"நம்மகிட்ட வேற மணல் ஏது, அத்தான்? அதைத்தானே இவ்வளவு நேரம் தச்சுத் தச்சுக் குடுத்தேன்."