உன் அக்காவுக்கு லேப்டாப் வாங்கிய விவரம்

கோத்தகிரி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்த பின்.

அன்பு மாப்பிள்ளை ஸ்டெபினுக்கு,

உன் அக்காள் கணவன் அம்புரோஸ் ஆசியுடன் எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தில் நானும் ரோஸ்மேரியும் நலம். இந்தக் குளிருக்கு அவளுக்கு முழங்கால் வலியும் எனக்கு முன்கோபமும் வழக்கம்போல. கோயம்புத்தூரில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்காவுக்கு வேண்டிய லேப்டாப்பை நீயே பார்த்து வாங்கி அனுப்புவதாகப் போனில் சொன்னாய். மிக்க நன்றி. தேவைப்படாது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுவில் பேசுவாய்.

உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்ததிலிருந்து, பறிக்கிற கூலிக்கே கட்டுபடியாகவில்லை என்று தோட்டக்காரர்கள் இலை பறிப்பதை நிறுத்திவிட்டார்கள். செடியெல்லாம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து மரமாக நிற்கிறது. இலை வராத ஃபேக்டரியில், இலையை உலர்த்தித் தூளாக்கும் டீ மேக்கரான எனக்கு என்ன வேலை? "கொஞ்ச நாள் லீவுன்னு நெனச்சுக்கங்க அம்புரோஸ்" என்றார் மேனேஜர். நினைத்துக்கொண்டேன். அந்தக் கொஞ்ச நாள்தான் இன்னும் முடியவில்லை. எஸ்டேட் சனங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூர்ப் பக்கம் பிழைக்கப் போனதில், உன் அக்கா தமிழ் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் ஆஸ்திரேலியாவில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையத்தில் அ, ஆ சொல்லிக்கொடுக்கும் வேலை வந்தது. செல்போனில் நடத்திப் பார்த்தாள். முதல் நாளே ஒரு குழந்தை, "டீச்சர், உங்க மூக்கு மட்டும்தான் தெரியுது" என்றதாம். இதுவும் போய்விட்டால் எங்கள் வீட்டில் வேலைக்குப் போகிறவர் என்று ஒருவரும் இல்லை. ஆகவே லேப்டாப். தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

உன் அக்கா கேட்டது மிகவும் சாதாரணம். "மூஞ்சி முழுசாத் தெரியோணும், பேசறது கேக்கோணும், அவ்வளவுதானுங்க" என்றாள். ஆனால் வாங்குகிறவன் விசாரிக்காமல் வாங்கக்கூடாது அல்லவா? வெலிங்டனில் ராணுவ ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர்டு ஆன பக்கத்து வீட்டு பவுல்ராஜைக் கேட்டேன். "கனமாப் பாத்து வாங்குங்க. லேசா இருந்தா உள்ள ஒண்ணும் இருக்காதுங்க" என்றார். எனக்கும் நியாயமாகப் பட்டது. அந்த ஒரு யோசனையோடு பஸ் ஏறிக் குன்னூரில் கருணாகரன் என்பவரின் கடைக்குப் போனேன். எதற்கு வேண்டும் என்று கேட்டார். அன்றாட உபயோகத்துக்கு என்றேன். "அன்றாடம்னா கேம் வெளையாடுவீங்களா, படம் எடிட் பண்ணுவீங்களா?" என்றார். இரண்டும் எங்கள் வீட்டில் அன்றாடம் நடப்பதில்லை என்று தெரிவித்தேன். அவர் ரேம் என்றார், எஸ்.எஸ்.டி. என்றார்; நான் ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்தேன். பிறகு, உலர்த்திய தேயிலையைப் பார்ப்பதுபோல அடியில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தேன், திறந்து மோந்தும் பார்த்தேன். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் சற்றுத் தள்ளி நின்றார்கள். கடைசியில், இருந்ததிலேயே கனமானதை எடுத்தேன். அது செகண்ட் ஹேண்ட். "ஃபாரின்ல பெரிய கம்பெனில ஓடுனதுங்க" என்றார். உன் அக்காவும் ஃபாரின் பிள்ளைகளுக்குத்தானே பாடம் எடுக்கிறாள், பொருத்தமாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது ஒரே மஞ்சு, மூடுபனி பஸ்ஸுக்குள்ளேயே வந்தது. ஈரம் ஏறிவிடுமே என்று ஸ்வெட்டரைக் கழற்றி லேப்டாப்பைச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றேன். ஒரு அம்மாள் எழுந்து, "கொழந்தய வெச்சுக்கிட்டு ஏனுங்க நிக்கறீங்க? உக்காருங்க" என்று இடம் கொடுத்தார். உட்கார்ந்தேன். பேரனா பேத்தியா என்று கேட்டார். உட்கார்ந்த பிறகு உண்மையைச் சொல்வது மரியாதையாக இருக்காது என்பதால் பேத்தி என்றேன்.

வீட்டுக்கு வந்து திறந்தால், மாப்பிள்ளை, சில எழுத்துகள் மேல் இரட்டைப் புள்ளி! ஒய் இருக்கவேண்டிய இடத்தில் இசட். கருணாகரனுக்குப் போன் போட்டுக் கேட்டால், அது ஜெர்மனியில் வேலை பார்த்த லேப்டாப்பாம். உன் அக்கா மளிகைக் கடைக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் சரிசெய்துவிடலாம் என்று காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுத்தை எழுதி ஒட்டினேன். ரோஸ்மேரி வந்து பார்த்தாள்.

"என்னங்க, எங்கயாச்சும் வுழுந்து அடிபட்டுருச்சுங்களா?"

நான் நடந்ததைச் சொன்னேன். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன், ஸ்டெபினே வாங்கட்டும் என்றேன். தேயிலை வேலையும் போனது, இதுவும் தெரியவில்லை என்று ஆகிவிட்டதே என்று இருந்தது. அவள் பிளாஸ்திரிகளை ஒவ்வொன்றாக உரித்தாள். பிறகு எதையோ தட்டி ஜெர்மனை இங்கிலீஷாக மாற்றிவிட்டு, கீபோர்டைப் பார்க்காமலே என் பெயரை அடித்துக் காட்டினாள். டைப்ரைட்டிங் படித்தவள் என்பதை நான்தான் மறந்துவிட்டேன்.

"நான் என்னைக்குங்க எழுத்தப் பாத்து அடிச்சேன்?" என்றாள். உரித்த பிளாஸ்திரிகளைக் கூட்டி எடுத்துக்கொண்டே, "தம்பி வாங்கீருந்தா நல்லதாத்தான் வாங்கீருப்பான். ஆனா ஃபேக்டரி மூடுனதுக்கப்புறம் நீங்க காலைல எந்திரிச்சு, சேவ் பண்ணி, சட்ட போட்டு, வேலைக்குப் போற மாதிரி வெளிய போனது இதுக்கு மட்டுந்தானுங்க" என்றாள்.

இப்போது வகுப்பு நன்றாக நடக்கிறது. போனிலிருந்துதான் லேப்டாப்புக்கு நெட் போகிறது. எங்கள் வீட்டில் சமையல்கட்டு ஜன்னலில் மட்டும்தான் சிக்னல். ஆகவே வகுப்பு முடியும்வரை போனை ஜன்னலுக்கு உயர்த்திப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். முந்தாநாள் ஒரு பெண்குழந்தை, "டீச்சர், பின்னாடி கையத் தூக்கிட்டு நிக்கறாரே, அவர் யாரு? என்ன தப்பு பண்ணாரு?" என்று கேட்டாள். "அவரு எங்க ஊட்டுக்காரருங்க கண்ணு. அவரு நிக்கறதாலதான் நான் உனக்குத் தெரியறேன்" என்றாள் உன் அக்கா. கை வலித்தது, இறக்கவில்லை. இந்த வேலைக்கு என்னைவிட்டால் ஆள் இல்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். ஆகவே நீ லேப்டாப் அனுப்ப வேண்டாம், எங்களைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டாம்.

மாதா உன் வீட்டுக் கதவையும் பிள்ளைகளின் படிப்பையும் காப்பாராக. அவர்களுக்கு எங்கள் முத்தங்கள்.

இப்படிக்கு,
அன்பு மாமா
அம்புரோஸ்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஃபேக்டரியிலிருந்து ஆள் வந்தது. விலை சற்றுத் தேறியதில் கொஞ்சம் கொஞ்சமாக இலை வர ஆரம்பித்திருக்கிறது, நாளை முதல் வரச் சொல்கிறார்கள். சந்தோஷப்படுவதற்குப் பதில், உன் அக்காவின் வகுப்பு என்ன ஆவது என்று கலங்கிப்போனேன். அவள் முக்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, அதன்மேல் அரிசி டப்பாவை வைத்து, அதன்மேல் போனைச் சாய்த்து வைத்தாள். இன்றைய வகுப்பு அப்படித்தான் நடந்தது. படம் இவ்வளவு தெளிவாக ஒருநாளும் வந்ததில்லையாம், ஆட்டமே இல்லையாம். அந்த முக்காலியைக் கடையில் தூக்கிப் பார்த்து வாங்கியது நான்.