கீதாவின் மெஷினைத் துடைத்த கதை

எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்று இருபத்து நான்கு வயதில் மனதார நம்பினேன். (இப்போதும் ஓரளவு நம்புகிறேன், வெளியே சொல்வதில்லை.)

கழக்கூட்டம் என்ற கேரள ஊரில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை. அங்கிருந்த வொர்க்ஸ்டேஷன் என்ற வெளிநாட்டுப் பெரிய கம்ப்யூட்டரில் லினக்ஸ் இயங்குதளத்தை ஓட்டிக் காட்டுகிறேன் என்று கேன்டீனில் சவால் விட்டிருந்தேன். பிசிக்கு எழுதிய லினக்ஸ் அதில் அப்படியே ஓடாது. நிறைய இடங்களைத் திருத்தி எழுத வேண்டும். எழுதி முடித்துவிட்டேன். மெஷின்தான் கிடைக்கவில்லை. அதில் என்னோடு வேலை பார்த்த கீதா கஸ்டமருக்கு டெமோ எழுதிக்கொண்டிருந்தாள். அது பிடித்தால்தான் அவள் வேலை நிரந்தரமாகும்.

சனிக்கிழமை மதியம் கிளம்பும்போது சொன்னாள்: "திங்கக்கிழமை கஸ்டமர் வரா. மெஷினை நன்னா துடைச்சு வெச்சுடுங்கோ, கேட்டேளா?" கரமனை அக்ரஹாரத்துப் பெண். மரியாதைக்குக் குறைச்சலில்லை.

எங்கள் தொழிலில் துடைப்பது என்றால் டிஸ்க்கில் உள்ளதை அடியோடு அழிப்பது. அட, இவளே வழிவிட்டுவிட்டாளே! டெமோவுக்கு வேறு காப்பி வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். துடைத்தேன், லினக்ஸை ஏற்றினேன். திரை கறுப்பு. பக்கத்து பிசிக்குக் கேபிள் போட்டுப் பார்த்தால், நாலு வரி ஓடி 'பேனிக்', அதாவது பீதி, என்று எழுதிவிட்டு மெஷின் நின்றிருந்தது. (எனக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை.) திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் ஊருக்கு நாகர்கோவில் பஸ் ஏறிவிட்டேன்.

திங்கள் காலை கீதா கறுப்புத் திரையின் முன் நின்றிருந்தாள்.

"என்ன பண்ணினேள்?"

"நீங்கதானே துடைக்கச் சொன்னீங்க?"

"தூசியைன்னா சொன்னேன்! துணியால!"

"காப்பி இருக்கும்ல?"

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எடுத்தது" என்றாள். கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டுவிட்டேனே, படுபாவி!

மலையாளி மேனேஜர் வந்தார். "எடோ, டெமோ எவிடே?"

"உள்ளே ஓடுது சார், வெளியேதான் தெரியலை" என்றேன். (வாய் சும்மா இருக்குமா?) பிறகு, கீதாவின் மேல் தப்பில்லை, துடைத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் கஸ்டமரிடம் இரண்டு மாதம் தவணை வாங்கினார். போன வேலையைக் கீதாவோடு உட்கார்ந்து மறுபடி எழுதுவதுதான் எனக்குத் தண்டனை. லினக்ஸிலேயே எழுதினோம். திரையும் ஒருநாள் வெளிச்சமானது. அவள் வேலை நிரந்தரமானது. அடுத்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம்.

கல்யாண வீடியோ கேசட்டுக்கு மூன்று பிரதி எடுக்கச் சொன்னாள் கீதா. ஒன்று கரமனையில், மாமியாரின் பீரோவில் இருக்கிறது. இன்றைக்கும் நான் போனால், "வாங்கோ மாப்பிள்ளை" என்று வாய் நிறையச் சிரித்துவிட்டு, மாமியார் நேரே போய் பீரோவைப் பூட்டுகிறார். காபியெல்லாம் அப்புறம்தான்.