கதவைத் திற, டாடி

உலகப் புரட்சிகளின் வரலாற்றில் பெங்களூருக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. மற்ற ஊர்களில் புரட்சி என்றால் ரத்தம், கண்ணீர்ப் புகை. போலீஸ் அனுமதி வாங்கி, நாற்காலி போட்டு, பத்து மணிக்குள் முடித்து, மெட்ரோவில் வீடு திரும்பும் புரட்சியை மனித குலத்துக்கு அளித்தது இந்த ஊர்தான். அதன் தலைசிறந்த போராளிகளில் ஒருவர் ஜோகுபாளையம் சில்வெஸ்டர்.

அவருக்கு வயது நாற்பத்தொன்பது. பீன்யாவில் பம்பு தயாரிக்கும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். இதெல்லாம் பிற்பாடு நேர்ந்த விபத்துகள். இருபது வயதில் அவர் தோள்வரை முடி வளர்த்த 'கலகக்காரர்'. 'ரஸ்டி கேட்ஸ்' என்ற உள்ளூர் ராக் குழுவின் பக்தர். ஒருநாள் அவர்கள் கச்சேரியைக் கேட்டுவிட்டு நடுநிசியில் வந்தவர், கொட்டும் மழையில் வீட்டுக் கதவைத் தட்டோ தட்டென்று தட்டினார். தெருவே எழுந்து விளக்குப் போட்டது. கதவு மட்டும் திறக்கவில்லை. காலையில் அப்பா பல் துலக்கிக்கொண்டே, "நீ தட்டுனியா? காதுல விழலையேப்பா" என்றார். அந்த வார்த்தைக்காக சில்வெஸ்டர் அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை. கல்லறைத் திருநாளில் பூ வைக்கும்போதுகூடக் கொஞ்சம் முறைப்பாகத்தான் வைப்பார்.

அந்த ரஸ்டி கேட்ஸ் கால் நூற்றாண்டுக்குப் பிறகு ஒரே ஒரு சனிக்கிழமை மட்டும் மீண்டும் பாடப்போவதாக அறிவிப்பு வந்தது. இடம் வைட்ஃபீல்டில் ஒரு மாலின் பின்புறத் திடல். சில்வெஸ்டர் தமக்கும் மனைவி டோரீனுக்கும் டிக்கெட் எடுத்துவிட்டார். மகள் ஆஞ்சலாவுக்குத் தெரியக் கூடாது. காரணம் இருந்தது.

சில்வெஸ்டர் வீட்டில் எல்லாமே முறைப்படி நடக்கும். ஆஞ்சலா பத்தாம் வகுப்பில் காலடி வைத்த அன்றே சாப்பாட்டு மேசையில் கூட்டம் கூடியது. 'கவனச் சிதறல் தடுப்பு நடவடிக்கை'யின் கீழ் அவளுடைய கிதார் பீரோவுக்குள் வைத்துப் பூட்டப்பட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஓட்டுரிமை இல்லாதவர்களின் அழுகை கணக்கில் சேர்க்கப்படவில்லை. சாவி தந்தையாரின் பேன்ட் பையில் குடியேறியது.

சனிக்கிழமை காலை, மகள் மனு கொடுத்தாள்.

"டாடி, நாளைக்கு சர்ச் டேல நான் வாசிக்கணும். ஃபாதரே என் பேரைப் போட்டுட்டாரு. இன்னிக்கு பிராக்டீஸ் பண்ணாதான் ஆவும். ஒரே ஒரு வாட்டி பீரோவைத் திறங்க, ப்ளீஸ்."

"பரீட்சை முடியட்டும் கண்ணு."

"பரீட்சை மார்ச்ல, டாடி. சர்ச் டே நாளைக்கு!"

"சரி, ஏப்ரல்ல ரிவ்யூ பண்ணலாம்."

"ஒரு மணி நேரம்தான கேக்குது, குடுத்துத் தொலைங்களேன்" என்றாள் டோரீன்.

"இன்னிக்கு ஒரு மணி நேரம்பா. அப்புறம்? பசங்க கெட்டுப்போறதே இந்த மியூசிக்காலதான்" என்றார் சில்வெஸ்டர். அப்போது அவர் கக்கத்தில், செய்தித்தாளில் சுருட்டியபடி, ரஸ்டி கேட்ஸ் பனியன் இருந்தது.

மாலையில், "ஹெர்பர்ட் அங்கிள் வீட்ல ஜெபமாலை. வர லேட் ஆவும். நீ படி" என்று மகளிடம் சொல்லிவிட்டு, புனிதப் பயணத்துக்குரிய முகத்தோடு இருவரும் கிளம்பினார்கள். அல்சூரில் மெட்ரோ ஏறியதும் சில்வெஸ்டர் சட்டையைக் கழற்றினார். உள்ளே இருந்த பனியன் தொப்பையின் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு யாரும் கலகம் செய்ததாகச் சரித்திரம் இல்லாததால், அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"ஏங்க, நாம ரெண்டு பேரும் மட்டும் வெளிய வந்து எத்தினி வருஷம் ஆச்சு?" என்றாள் டோரீன், உதட்டுச் சாயத்தைச் சரிசெய்தபடி. அவளுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

"போன மாசம் வந்தமே."

"அது ஸ்கூல்ல பேரன்ட்ஸ் மீட்டிங்குங்க."

திடலெங்கும் நரைத்த குதிரைவால் குடுமிகள். பாடகர் முழங்காலில் பெல்ட் கட்டிக்கொண்டு மேடையேறினார்.

"பெங்களூர்! ரூல்ஸை உடைக்க ரெடியா?"

"ரெடி!" என்று ஐயாயிரம் பேர் அலறினார்கள்.

"அதுக்கு முன்னாடி, பார்க்கிங்ல வழியை மறிச்சு நிக்கிற காரை ஸொல்ப அட்ஜஸ்ட் பண்ணி எடுத்துடுங்க, ப்ளீஸ்."

எடுத்தார்கள். பிறகு உடைத்தார்கள்.

ஒன்பதே முக்காலுக்கு, எல்லாரும் காத்திருந்த அந்தப் பாட்டு வந்தது: 'ஓப்பன் அப், டாடி.' கதை எளியது. மகன் கதவைத் தட்டுகிறான், அப்பா திறப்பதில்லை. ஐயாயிரம் பேரும் கண்ணீர் விட்டார்கள். பெரும்பாலும் அப்பாக்கள், அம்மாக்கள். ஆனால் ஒருவர்கூடக் கதவுக்கு உள்பக்கம் நிற்பவராக வரவில்லை. எல்லாருமே வெளியே நின்று தட்டியவர்கள்தான்.

இடுப்பு வலியால் வர முடியாத பழைய கச்சேரித் தோழன் ஹெர்பர்ட், இந்தப் பாட்டை மட்டும் வீடியோ காலில் காட்டச் சொல்லியிருந்தான். கண்ணாடி இல்லாத சில்வெஸ்டர், செல்போனில் மங்கலாகத் தெரிந்த வட்ட முகங்களில் ஒன்றைத் தொட்டார். போனை மேடைப் பக்கம் தூக்கிக் காட்டினார். பிறகு தம் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பாரு மச்சா, பாரு! கதவைத் திற, டாடி! எங்கப்பா திறக்கவே இல்ல மச்சா! தட்டித் தட்டிக் கை வீங்கிப் போச்சு! பெத்த புள்ள வெளிய நின்னு கெஞ்சறான், ஒரு மனுஷன் எப்பிடி மச்சா சும்மா படுத்துக் கெடப்பான்?"

இவ்வளவு உண்மையாக அவர் அழுது பல வருடங்கள் ஆகியிருந்தன.

அந்தப் பாட்டில் ஓர் இடம் உண்டு. வாத்தியங்கள் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அப்பா வந்து திறக்கிறாரா என்று காது கொடுத்துக் கேட்கும் இடம் அது. திடல் முழுக்க நிசப்தம்.

"டாடி" என்றது போன்.

டோரீன் எட்டிப் பார்த்தாள். "ஐயோ, ஆஞ்சலாங்க!"

"இதான் ஜெபமாலையா, டாடி?"

முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"காலைலேர்ந்து நானும் அதான டாடி கேக்கறேன்" என்றாள் மகள், ஒவ்வொரு சொல்லாக. "திறங்க. சாவி உங்க பாக்கெட்லதான இருக்கு?"

சில்வெஸ்டரின் கை தானாகப் பேன்ட் பைக்குள் போனது. இருந்தது. அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"என்னம்மா சொன்னே?" என்றார். "காதுல விழலையே கண்ணு."