கப்பலில் கடைசிப் பந்தி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக வரும். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லுவேன். ஞாபகமும் இப்போது பழைய மாதிரி இல்லை. நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூச்சம் என்பதால்தான் தாளில் எழுதத் துணிந்தேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் பகாவ் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் வாளிக்காரர் கையால் சாப்பிடாதவர் ஒருவரும் இல்லை. வாளிக்காரர் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தவரும் ஒருவரும் இல்லை.

அவர் என் அக்கா ஞானத்தின் வீட்டுக்காரர். எனக்கு அத்தான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது பாதிரியாருக்கும் ஐசி என்கிற அடையாள கார்டுக்கும் மட்டும்தான் தெரியும். காலையில் ரப்பர் பால் வாளி, விசேஷம் என்றால் சாம்பார் வாளி, அதனால் ஊருக்கு அவர் வாளிக்காரர். அந்தோணியார் திருநாள் சாப்பாடோ, மாரியம்மன் கோயில் அன்னதானமோ, கல்யாணமோ, சாவு வீடோ, யாரும் அவரைக் கூப்பிட வேண்டியதில்லை. வாளி இருக்கிற இடத்துக்கு அவர் வந்துவிடுவார்.

அவரிடம் இரண்டு சட்டம் உண்டு. பரிமாறுகிறவன் கடைசிப் பந்தியில்தான் சாப்பிட வேண்டும் என்பது ஒன்று. பந்தியில் ஒரே ஒரு இலை வெறும் இலையாக இருந்தாலும் யாரும் சோற்றில் கை வைக்கக் கூடாது என்பது மற்றது. ஒரு கல்யாணத்தில் பெரிய கிராணி வந்து உட்கார்ந்தார். கணக்கு எழுதுகிறவர்தான், ஆனால் தோட்டத்து ஆபீசையே ஆட்டி வைத்தவர் அவர். பசியோ என்னவோ, சோற்றைப் பிசைந்து உருட்டி வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டார்.

"கிராணி சார், உருண்டையக் கீழ வைங்க."

"ஏன்யா?"

"கடைசியில மாட்டுக்காரரு இலைக்கு இன்னும் விழல."

கிராணி உருண்டையைக் கீழே வைத்தார். மறுநாள் அத்தானுக்கு மேட்டுக்காடு கிடைத்தது. பால்மரம் வெட்ட ஏறி ஏறி இறங்க வேண்டிய இடம் அது. முட்டி வீங்கிப் போய் வீட்டுக்கு வருவார். "மாட்டுக்காரரு அன்னிக்கு நல்லா சாப்பிட்டாரு" என்று மட்டும் சொன்னார்.

தன் கல்யாணத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. சாம்பார் ஊற்ற வேண்டிய ஆள் கள்ளுக்கடைப் பக்கம் போனவர் திரும்பவில்லை. இலை போட்டாயிற்று. மாப்பிள்ளை தன் இலையில் பாட்டுக்காரரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, எழுந்து போய் வாளியைத் தூக்கிவிட்டார். அந்தப் படம் இன்றும் அக்கா வீட்டுச் சுவரில் இருக்கிறது. பெண் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் முன்பின் தெரியாத பாட்டுக்காரர் அப்பளம் கடிக்கிறார். பின்னால் மங்கலாக, மாலை சாம்பாரில் பட்டுவிடக் கூடாதென்று தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு அத்தான். படம் பிடித்தவர் அவரைச் சமையல்காரர் என்று நினைத்து, "அண்ணே, கொஞ்சம் ஒதுங்குங்க" என்றாராம்.

அவருடைய அம்மா இறந்த பிறகு வைத்த சாப்பாட்டிலும் வாளி அவர் கையில்தான். கண்ணில் தண்ணீர் வழிய இலை இலையாகக் குனிந்து, "அம்மாவுக்குப் புடிச்ச கத்திரிக்கா. இன்னொரு கரண்டி வைக்கவா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அன்றைக்குக் கத்திரிக்காய் மட்டும் முதல் பந்தியிலேயே தீர்ந்துபோயிற்று.

வீட்டிலும் இதே கதைதான். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டு, அடுப்பங்கரையில் நின்றபடியே சாப்பிடுவார். லயத்து வரிசை வீட்டுப் பெண்களுக்கெல்லாம் அக்காவைப் பார்த்துப் பொறாமை. புருஷன் சோறு போட்டுக் கொடுக்கிறானே என்று. அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

"லூர்து, எல்லாரும் என்னைக் கொடுத்து வச்சவங்கறாங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எம் பக்கத்துல உக்காந்து ஒரு வேளை அவரு சாப்பிட்டதில்லடி. நான் என்ன பொண்டாட்டியா, பந்திக்கு வந்த ஆளா?"

இதை அக்கா மகள் ரீத்தாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் செண்டாயான் டவுனில் வேலை செய்கிறாள். தோட்டம் கைமாறிய பிறகு அக்காவும் அத்தானும் அவளோடுதான் இருக்கிறார்கள். போன பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கப்பலில் போக டிக்கெட் எடுத்தாள். கிள்ளானில் ஏறி, பினாங்கு போய்த் திரும்புகிற சுற்றுலாக் கப்பல். அம்மாவுக்குத் துணை என்று என்னையும் சேர்த்துக்கொண்டாள்.

"அங்க வாளி கெடையாது சின்னம்மா. சுத்திலும் கடல் லா. எழுந்திரிச்சு எங்க போயிடுவாரு?" என்றாள்.

கப்பலில் போக நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். ஹலால் தனியாக இருக்கிறது, சைவம் தனியாக இருக்கிறது, பருப்பும் சப்பாத்தியும்கூட உண்டு. கவனிப்பையும் குறை சொல்ல முடியாது. அறையைச் சுத்தம் செய்கிறவர் துண்டை மடித்து மடித்து யானை செய்து கட்டிலில் வைத்துவிட்டுப் போவார். அது குளித்துவிட்டுத் துடைத்துக்கொள்ளத்தான். அக்கா அதைப் பிரிக்க விடவில்லை. "பாவம், யாரோ உக்காந்து செஞ்சிருக்காங்க" என்று கைலியால் துடைத்துக்கொண்டாள். மறுநாள் குரங்கு வந்தது. அதற்கு மறுநாள் வாத்து. கடைசியில் நாங்கள் உட்காரத்தான் கட்டிலில் இடமில்லை.

முதல் நாள் மத்தியானம் பஃபேக்குப் போனோம். அத்தான் கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் போட்டிருந்தார். நாங்கள் தட்டை எடுத்துத் திரும்புவதற்குள் பருப்புத் தட்டுக்குப் பின்னால் நின்றுவிட்டார், கரண்டியோடு. ஒரு சீன அம்மா தட்டை நீட்டினாள். ஊற்றினார். அவள் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. சபா மாநிலத்திலிருந்து வந்து அங்கே வேலை செய்கிற பெண் ஒருத்தி ஓடிவந்தாள்.

"பாக்சிக், இது எங்க வேலை. நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்று மலாயில் பணிவாகச் சொன்னாள். பாக்சிக் என்றால் மாமா.

அத்தான் தோட்டத்து மலாயில், கடைசிப் பந்தி எத்தனை மணிக்கு என்று கேட்டார். பந்திக்கு மலாய் வார்த்தை தெரியாததால் பந்தி என்றே சொல்லிவிட்டார். மலாயில் பந்தாய் என்றால் கடற்கரை. அந்தப் பெண் சிரித்த முகத்தோடு, "நாளைக்குப் பினாங்குல பந்தாய் பார்க்கலாம், பாக்சிக்" என்றாள். அத்தான் திகைத்துப்போனார். நாளைக்கா? அதுவும் பினாங்கிலா?

ரீத்தா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று விளக்கிச் சொன்னாள். அந்தப் பெண் யோசித்துவிட்டு, "இங்க சாப்பாடு முடியறதே இல்ல, பாக்சிக். ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது ஆரம்பிச்சிடும்" என்றாள்.

கடைசிப் பந்தியே இல்லாத ஒரு விருந்து. அத்தான் முகம் அப்படி விழுந்துபோனதை மேட்டுக்காட்டுக் காலத்தில்கூட நான் பார்த்ததில்லை. அன்று முழுக்க, வீட்டிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட்டைக் கோப்பியில் நனைத்து, அறையில் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

"இத்தனை சோறு இருக்குற எடத்துல பட்டினி கெடக்குற ஒரே ஆளு ஒங்கப்பன்தான்டி" என்றாள் அக்கா.

"நான் என்ன பண்ண? பந்தி முடியல லா" என்றார் அவர்.

அடுத்த நாள் ரீத்தா வேறு வழி பிடித்தாள். கப்பலில் இன்னொரு சாப்பாட்டு மண்டபம் இருக்கிறது. அங்கே நாம் உட்கார்ந்தால் போதும், ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைப்பார்கள். சாயங்காலம் இரண்டு பந்தி. அக்காவுக்குச் சுகர் இருக்கிறது. மாத்திரை போட்டால் உடனே சாப்பிட வேண்டும். அதனால் முதல் பந்தியில் இடம் சொல்லியிருந்தாள். அதுதான் தப்பாகிவிட்டது. முதல் பந்தி என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே அத்தான் அக்கா நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அதே சபாக்காரப் பெண்தான் அங்கேயும் வேலை. அவருக்கு நாற்காலியை இழுத்துவிட்டாள். அவர் அந்த நாற்காலியை அவள் பக்கமே தள்ளினார்.

"நீ உக்காரும்மா. காலையிலேர்ந்து நின்னுகிட்டிருக்க. ரெண்டாம் பந்திக்கு அப்புறம் யாரு சாப்பிடுவா?"

"நாங்க சாப்பிடுவோம், பாக்சிக்."

"அப்ப அதான் கடைசிப் பந்தி. நான் ஒங்களோட வர்றேன்."

"விடமாட்டாங்க, பாக்சிக்."

அக்கா பாதியில் கரண்டியை வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று இரவும் பிஸ்கட்தான்.

கடைசி நாள் சாயங்காலம் மறுபடி அதே மேசை. ரீத்தா, மருமகன், பேரப்பிள்ளைகள், அக்கா, நான். அக்கா பக்கத்து நாற்காலி காலி. அதன் முன்னால் ஒரு வெறும் தட்டு. அத்தான் பின்னால் நின்றார். சூப் வந்தது. அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, சாப்பிடுங்க. மாத்திரை போட்டாச்சு" என்றாள் ரீத்தா.

அக்கா பக்கத்துத் தட்டைக் காட்டினாள். "அந்த இலைக்கு இன்னும் விழல. ஒரு இலை வெறும் இலையா இருந்தா யாரும் கை வைக்கக் கூடாது. சொன்னவரு பின்னால நிக்கிறாரு, கேளு."

"ஞானம், வெளையாடாத. சுகர் எறங்கிடும்" என்றார் அத்தான்.

"எறங்கட்டும்."

"ஒரு வாய் சூப்பாவது குடி."

"கிராணியையே காக்க வச்சீங்க. நான் காக்க மாட்டேனா?"

பேரப்பிள்ளைகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். சபாக்காரப் பெண் தட்டு ஏந்தியபடி நின்றாள். சூப் ஆறிக்கொண்டிருந்தது. வெள்ளை மேசைத்துணியின் மேல் அக்கா கையை எடுத்து வைத்தாள். விரல் நடுங்க ஆரம்பித்திருந்தது.

பந்தியில் அத்தான் யார் முகத்தையும் பார்க்கிறவர் இல்லை. இலையின் மேல் இருக்கிற கையைத்தான் பார்ப்பார். அந்தக் கையையும் பார்த்தார். நாற்காலியைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்.

நுனியில்தான், கூப்பிட்டால் எழுந்து ஓடுகிற மாதிரி. அந்தப் பெண் சூப்பை வைக்கக் குனிந்ததுமே தட்டின் மேல் கையை விரித்து, "போதும், போதும்" என்றார். இன்னும் ஒன்றுமே வைத்திருக்கவில்லை. அவள் காத்திருந்து, கையை எடுத்த பிறகு வைத்தாள். அப்புறம்தான் அக்கா கரண்டியை எடுத்தாள். அவள் ஒரு வாய் விழுங்கும் வரை பார்த்துவிட்டு அவரும் குடித்தார்.

மீன் வந்தபோது பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டார். "ஞானம், ரசம் வேணுமா?"

அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "இங்க ரசம் கெடையாது. உக்காருங்க."

உட்கார்ந்தார். அக்கா தன் தட்டிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து, முள் பார்த்து, அவர் தட்டில் வைத்தாள். அதற்கு அவர் கை காட்டித் தடுக்கவில்லை.

இப்போதும் லோபாக்கில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றால் அத்தான் வாளியைத்தான் தேடுகிறார். பாதி வாளிதான் தூக்க முடிகிறது. ஆனால் வீட்டில் அக்கா இரண்டு தட்டு வைக்கிறாள். ஒன்று காலியாக இருந்தால் கை வைக்க மாட்டாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்காருகிறார்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் ரீத்தா ஒரு தடவை படித்துச் சரிபார்த்துவிட்டால் நல்லது. முதல் நாள் செய்தது யானையா வாத்தா, அந்த சூப் கோழியா காளானா, எனக்கு நிச்சயமில்லை. சபாக்காரப் பெண்ணின் பெயரும் மறந்துவிட்டது, தெரிந்தால் சேர்த்துவிடட்டும். அத்தான் உட்கார்ந்தார் என்று எழுதியிருப்பதை மட்டும் சரிபார்க்க வேண்டாம். பக்கத்து நாற்காலியில் நான்தான் இருந்தேன்.