போணி அண்ணாச்சியின் வீரசோழன் வசூல்

வசூலுக்கு வருபவரைக் கண்டால் கடன்காரன் கொல்லைப்புறமாக ஓடுவதுதான் உலக வழக்கம். "இன்னும் காணோமே!" என்று கடன்காரர்களே வாசலுக்கு வந்து தேடிய ஒரே மனிதர் எங்கள் போணி அண்ணாச்சி.

எழுபதுகளின் தொடக்கத்தில் அருப்புக்கோட்டையில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் நான் கணக்கு எழுதினேன். அவர் வெளியூர்ப் பாக்கி வசூலிக்கும் குமாஸ்தா. ஆனால் பாக்கி என்ற பேச்சே அவர் வாயில் வராது. முதல் பஸ்ஸில் போய் இறங்கி, "போணி ஆச்சாய்யா?" என்பார். ஆகவில்லை என்றால் தன் காசில் எதையாவது வாங்குவார். அவர் கைராசிக்கு அன்று யாவாரம் அள்ளும் என்று காரியாபட்டி முதல் பாலவனத்தம் வரை நம்பிக்கை. கல்லா நிறைந்ததும் வியாபாரியே பணத்தை எடுத்து வைத்துவிடுவார். கல்யாணமே ஆகாத அந்த மனிதர் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய ரவிக்கைத் துணி இருந்தது.

இது ராசியா, தந்திரமா? எனக்கு மண்டை குடைந்தது.

மழை பொய்த்த ஒரு வருஷம், வீரசோழன் ஊரில் ஒரு முஸ்லிம் பாயின் துணிக்கடையிலிருந்து மாசக்கணக்கில் காசு வரவில்லை. முதலாளி அண்ணாச்சியிடம் கத்தினார்: "இன்னைக்கி வெறுங்கையோட வந்தா, நாளையிலருந்து கடைப்பக்கம் வர வேணாம்!" வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டேன்.

அண்ணாச்சி ஒரு துண்டு வாங்கினார். கடைக்கு ஈ, காக்கைகூட வரவில்லை. பிறகு ஒரு கைலி.

"போணி ஒருதரந்தான அண்ணாச்சி?" என்று அவர் காதைக் கடித்தேன்.

"மொதப் போணி சரியா விழலடா."

மத்தியானம் ரவிக்கைத் துணி. அப்புறம் என் சட்டைப் பையில் கைவிட்டு, என் சம்பளத்தில் ஒரு சேலை!

விளக்கு வைத்துவிட்டால் கல்லாவிலிருந்து காசு கொடுக்க மாட்டார்கள். பொழுது சாயும்போது பாய் கல்லாவைத் திறந்தார். உள்ளே இருந்ததெல்லாம் நாங்கள் கொடுத்த காசுதான். அதை அப்படியே எடுத்து நீட்டினார்.

"கடைய மூடிரலாம்னு இருந்தேன் அண்ணாச்சி. ரொம்ப நாளைக்கிப் பெறகு இன்னைக்கித்தான் துணிய அளந்து கிழிச்சேன். இத மொதலாளிகிட்டக் குடுத்துருங்க."

அண்ணாச்சி கொஞ்சமும் முகம் மாறாமல் ரசீது எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் கேட்டேன்: "ஒங்க காச நீங்களே வசூல் பண்ணீட்டு வாரீகளே, ராசி எங்க போச்சு?"

"ஏலே, ராசிய எவன் கண்டான்? அவுக கடை தொறந்திருந்தாத்தான என்னைக்காச்சும் வரும்?"

அண்ணாச்சியின் வேலை தப்பியது. அந்த மாசக் கடைசி வரை என் அம்மா இரண்டு பேருக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். "பசிக்கலலே" என்று சொல்லிக்கொண்டே வழித்துச் சாப்பிட்ட அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.